ஊர் சுற்றி வந்த நான் ஏன் வார்டைப் பற்றிப் பேசுகிறேன்

“வெளிநாடு போய்விட்டு வருகிறவர்கள் எல்லாரும் அங்கே இருக்கும் சுத்தத்தைச் சொல்லி, நம் ஜனங்களையும் நம் அரசியலையும் திட்டுகிறார்கள். நீங்களும் ஜெர்மனி, சிங்கப்பூர் போய் வந்தவர். உண்மையில் என்ன வித்தியாசம் பார்த்தீர்கள்? நம் அரசியலில் என்ன மாறவேண்டும்? அடுத்த மாதம் நான் சிங்கப்பூர் போகிறேன், அங்கே எதைப் பார்க்கலாம்?” காட்பாடியில் இருந்து ஒரு தம்பி இப்படிக் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தோல் பதனிடும் ஷாப்புகளில் இருந்து வரும் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பொது நிலையம் ஒன்றில், லேபில் 27 வருடம் வேலை பார்த்தவன். காலையில் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து நிறம், நாற்றம், உப்பு, தோல் பதனிடப் போடும் குரோம் எல்லாம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் வேலை. அந்தப் பழக்கத்தில், எந்த ஊருக்குப் போனாலும் கோபுரம், கடைத்தெரு பார்ப்பதற்கு முன்னால் ஏதாவது ஒரு பாலத்தில் நின்று கீழே ஓடும் தண்ணீரைப் பார்ப்பேன். அதனால் நான் சொல்லப்போவதும் பெரும்பாலும் தண்ணீர்க் கதைதான்.

மகன் ஜெர்மனியில் டார்ட்முண்ட் என்ற ஊரில் வேலை பார்க்கிறான். 2023 ஜூனில் நானும் வீட்டுக்காரியும் ஆறு வாரம் போய் இருந்தோம். அவன் வீட்டில் இருந்து நடக்கிற தூரத்தில் ஃபீனிக்ஸ் ஏரி என்று ஒன்று. முன்பு அது இரும்பு உருக்காலை இருந்த இடம். ஆலையை மூடிப் பிரித்தெடுத்த பிறகு பள்ளம் வெட்டி, 2010-ல் தண்ணீர் விட ஆரம்பித்து ஏரியாக ஆக்கியிருக்கிறார்கள். ஏரியை ஒட்டி எம்ஷர் என்ற ஆறு ஓடுகிறது. ஆறு என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம், அந்த இடத்தில் நம் ஊர் ஓடை அளவுதான். அடியில் கூழாங்கல் தெரிகிற தண்ணீர். கரையில் நாணல். ஒரு தாத்தா பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறக்கி விட்டிருந்தார். நான் குனிந்து ஒரு கை அள்ளி மோந்து பார்த்தேன். நாற்றமே இல்லை.

மகன் சொன்னான், “அப்பா, இது முப்பது வருஷம் முன்னாடி சாக்கடை.” சாதாரணச் சாக்கடை இல்லை. அது நிலக்கரிச் சுரங்கப் பகுதி. பூமிக்கு அடியில் கரியை வெட்டி எடுக்க எடுக்க மேலே நிலம் இறங்கிக்கொண்டே இருந்ததால் குழாய் புதைக்க முடியவில்லை, புதைத்தால் உடைந்துவிடும். ஆகவே ஆற்றையே நேராக வெட்டி, இரண்டு பக்கமும் கான்கிரீட் பாவி, வீட்டுக் கழிவு, சுரங்கக் கழிவு, ஆலைக் கழிவு எல்லாவற்றையும் அதில் திறந்துவிட்டார்கள். வழுக்கும் கான்கிரீட் சரிவில் விழுந்தவர் ஏறி வரமுடியாது என்பதால் கரை நெடுக வேலி. இப்படியே ஒரு நூற்றாண்டு ஓடியது. சுரங்கங்கள் மூடிய பிறகு நிலம் இறங்குவது நின்றது, குழாய் புதைக்க வழி வந்தது. 1992-ல் வேலை ஆரம்பம். 51 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெரிய கழிவுநீர்க் குழாய், சுத்திகரிப்பு நிலையங்கள், கான்கிரீட்டை உடைத்தெடுத்துக் கரைகளைத் திரும்ப மண்ணாக்குவது என்று 30 வருடம், சுமார் 550 கோடி யூரோ. 2021 கடைசியில் எம்ஷரில் கழிவுநீர் கலப்பது முழுக்க நின்றது.

இதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்டது ஆச்சரியம் இல்லை, வயிற்றெரிச்சல். ஏனென்றால் அந்த வருடங்கள் எனக்கு வேறு விதத்தில் மனப்பாடம். எங்கள் வேலூர் வழியாக ஓடும் பாலாற்றில் தோல் கழிவு கலப்பதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது 1991-ல். தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28. ‘மாசு செய்தவனே செலவை ஏற்கவேண்டும்’ என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிறுத்திய தீர்ப்பு அதுதான். இன்றைக்கும் நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் நம் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் வாதாடுகிறார்கள். ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்றெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. அவர்கள் 1992-ல் ஆரம்பித்தார்கள், நாம் 1991-ல். அவர்கள் 2021-ல் முடித்தார்கள். நம் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் அதே வேலூர் மாவட்டத் தோல் கழிவைப் பற்றித் திரும்பவும் தீர்ப்பு எழுதவேண்டி வந்தது.

நம்மவர்களுக்கு வேலை தெரியாது என்று யாரும் நினைக்கவேண்டாம். எங்கள் கஷ்டம் உப்பு. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு உப்பு போட்டுத்தான் வரும். முதல் வேலையே தோலை உதறி உப்பு தட்டுவது. அதை ஒழுங்காகத் தட்டாமல் அப்படியே ஊறப்போட்டால் உப்பு முழுக்கத் தண்ணீரில் இறங்கும். குரோமைப் பிடித்துவிடலாம், நாற்றத்தைப் போக்கலாம், ஆனால் கரைந்த உப்பை சாதாரணச் சுத்திகரிப்பு எதுவும் எடுக்காது. ஆர்.ஓ. வேண்டும், மிச்சத்தைக் காய்ச்சி வற்ற வைக்க வேண்டும், கடைசியில் மலை மாதிரி குவியும் அந்த அழுக்கு உப்பை வைக்க இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் கரண்ட் செலவு. இதெல்லாம் எங்கள் லேபில் இருந்த பையன்களுக்கே அத்துபடி. என் மாமனார் ஊரில் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாமல் போய், அப்புறம் இளநீரே உப்புக் கரித்ததை நானே குடித்துப் பார்த்திருக்கிறேன். அந்தக் கிணற்றுத் தண்ணீரையும் லேபுக்கு எடுத்துப் போய்ச் சோதித்தேன். எண் கையில் இருந்தது. அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை.

இங்கேதான் வித்தியாசத்துக்கு வருகிறேன். எம்ஷருக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. 1899-லேயே அந்த ஆற்றங்கரை ஊர்களும் சுரங்கங்களும் ஆலைகளும் சேர்ந்து ஒரு ஆற்றுச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். எவ்வளவு அழுக்கு விடுகிறாயோ அவ்வளவு சந்தா. நகராட்சிகள் தங்கள் பிரதிநிதிகளை அனுப்பும், பொதுக்குழுவில் ஓட்டெடுத்து வரவு செலவை முடிவு செய்யும். மன்னர் போய், ஹிட்லர் வந்து போய், எத்தனையோ ஆட்சிகள் மாறியும் அந்தச் சங்கம் இருக்கிறது. ஆற்றில் நாற்றம் வந்தால் எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்பது அங்கே ஒரு சின்னப் பையனுக்கும் தெரியும்.

பாலாறு யாருடையது? 348 கிலோமீட்டர் ஆறு, அதில் 222 தமிழ்நாட்டில். கர்நாடகத்தில் நந்திமலைப் பக்கம் உற்பத்தி, ஆந்திராவில் கொஞ்ச தூரம், அப்புறம் நாம். மூன்று மாநிலம், ஆற்றுத் தண்ணீருக்காக மெட்ராஸும் மைசூரும் போட்ட 1892 ஒப்பந்தம், தடுப்பணைத் தகராறு எல்லாம் ஒரு பக்கம். நம் எல்லைக்குள் மட்டும் பார்த்தாலும் தண்ணீர் ஒரு துறை, மணல் ஒரு துறை, மாசு ஒரு வாரியம், குடிநீர் ஒரு வாரியம். 2019-க்குப் பிறகு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று கலெக்டர்கள். கரையில் இருக்கும் நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் ஆற்றில் எந்த அதிகாரமும் கிடையாது. பாலாற்றங்கரையில் இருக்கிற வேலூர், மேட்டூரில் இருந்து குழாயில் வரும் காவிரியை நம்பிக் குடிக்கிறது. இதற்கு எந்தத் தேர்தலிலும் யாரும் பதில் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

‘அங்கே ஜனங்கள் ஒழுக்கமானவர்கள்’ என்று சொல்கிறார்களே, அதை நான் ஒத்துக்கொள்வதில்லை. ஜெர்மனியில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் சேர்த்து வாங்கிவிடுவார்கள், காலி பாட்டிலைக் கடையில் இருக்கும் மெஷினில் போட்டால் திருப்பித் தருவார்கள். அதனால்தான் தெருவில் பாட்டில் கிடப்பதில்லை. ஒரு நாள் ராத்திரி டார்ட்முண்ட் ரயில் நிலையத்தில், என் வயது இருக்கும் ஒருவர் டார்ச் அடித்து ஒவ்வொரு குப்பைத் தொட்டியாகக் கைவிட்டு பாட்டில் எடுத்துக்கொண்டிருந்தார். நல்ல கோட்டுதான் போட்டிருந்தார். பணக்கார நாட்டில் வயதான மனிதர் அப்படி நிற்பதைப் பார்த்து என் வீட்டுக்காரி அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. சரி, நம் ஊருக்கு வாருங்கள். 2022-ல் உயர் நீதிமன்றம் சொல்லி நீலகிரியில் டாஸ்மாக் காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் திட்டம் வந்தது. யானை மிதித்துக் காலில் குத்திக்கொள்ளும் அளவுக்குக் காட்டில் கிடந்த பாட்டில்கள் கடைக்குத் திரும்ப ஆரம்பித்தன. அதே குடிகாரர்கள், அதே ஊர். ஏற்பாடு மட்டும் மாறியது. நம் ஜனத்தைத் திட்டுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கவேண்டும்.

சிங்கப்பூரில் மகள் இருக்கிறாள், இரண்டு தடவை போயிருக்கிறேன். அங்கே உள்ள ஆற்றின் கதையை நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1977-ல் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ, பத்து வருடத்தில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும்படி செய்யவேண்டும் என்று கெடு வைத்தார். பன்றிப் பண்ணைகள் போயின, தெருவோரக் கடைக்காரர்களுக்கு அங்காடி நிலையங்கள் கட்டிக் கொடுத்தார்கள், சரக்குப் படகுகளை வேறு துறைக்கு மாற்றினார்கள், சுமார் 26,000 குடும்பங்களைப் புது வீடுகளுக்கு மாற்றினார்கள். 1987-ல் வேலை முடிந்தது. வாளியில் மலம் அள்ளும் வழக்கம் அந்த நாட்டில் முழுக்க ஒழிந்ததும் அதே 1987-ல்தான். அதாவது அது சொர்க்கத்தில் இருந்து வந்த ஊர் இல்லை. படகை வைத்துப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர் தொழிலை விட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

‘நமக்கும் லீ குவான் யூ மாதிரி ஒரு ஆள் வேண்டும்’ என்று வாக்கிங் போகும்போது கோட்டை மைதானத்தில் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1959-ல் இருந்து ஒரே கட்சி ஆளும் நாடு அது. இங்கே நாம் ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்க முடிகிறதே, அது அங்கே முடியாது. அந்த உரிமையைக் கொடுத்துவிட்டு நல்ல சாலையை வாங்கிக்கொள் என்றால் நான் வாங்கமாட்டேன். எம்ஷர் கதையை நான் முதலில் சொன்னதற்குக் காரணமே இதுதான். ஓட்டுப் போட்டு, சண்டை போட்டு, சந்தா கட்டியும் ஆற்றை மீட்கலாம்.

ஆனால் சிங்கப்பூரில் ஒரு காட்சி என் மனதை விட்டுப் போகவில்லை. மகள் இருப்பது வீவக, அதாவது அரசு வீடமைப்புக் கழகம் கட்டிய வீடு, அங்கே பெரும்பாலான மக்கள் அந்த அடுக்குமாடிகளில்தான் இருக்கிறார்கள். கீழ்த்தளம் தூண்கள் மட்டும் நிற்கிற திறந்த இடம். ஒரு நாள் ராத்திரி ஏழரை மணிக்குப் பேரனுக்கு ரொட்டி வாங்க இறங்கினேன். பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டு முப்பது பேர் கையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். மடக்கு மேசைகளில் தொண்டர்கள் குறை கேட்டு எழுதுகிறார்கள். உள்ளே ஒரு மேசையில் அந்தத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர். நைட்டியும் செருப்புமாக ஒரு சீன அம்மா, வேலை முடிந்து சீருடையோடு வந்த ஒரு மலாய்க்காரர், அவருக்குப் பின்னால் நம் தமிழ்ப் பாட்டி ஒருவர். பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். மகன் வேலை போய்விட்டது, பராமரிப்புக் கட்டணம் பாக்கி, தவணை கேட்க வந்திருக்கிறாராம். “வாரா வாரம் இருக்கும் ஐயா, எந்தக் கட்சி ஆளா இருந்தாலும் உக்காந்துதான் ஆகணும்” என்றார். மக்கள் சந்திப்பு என்று இதற்குப் பெயர், 1955-ல் அங்கே முதலமைச்சராக இருந்த டேவிட் மார்ஷல் ஆரம்பித்த பழக்கம். எதிர்க்கட்சி ஜெயித்த இடத்திலும் இப்படித்தான். புளோக்கைப் பெருக்குவது, மின்தூக்கியைப் பழுது பார்ப்பது எல்லாம் அந்த உறுப்பினர்கள் நடத்தும் நகர மன்றத்தின் பொறுப்பு, அதற்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மதிப்பெண் போட்டு எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள்.

நான் ரொட்டி வாங்க மறந்து அங்கேயே நின்றுவிட்டேன். அறுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது எனக்கு. என் பிரதிநிதி யாராவது, நான் நடந்து போகும் தூரத்தில், சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் உட்கார்ந்து இருந்ததை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

அதனால் நம் அரசியலைப் பற்றி நான் சொல்வது இதுதான். நாம் டெல்லியைப் பற்றியும் சென்னையைப் பற்றியும் பேசுகிற பேச்சில் பத்தில் ஒரு பங்காவது வார்டைப் பற்றிப் பேசவேண்டும். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அறிவித்த தேர்தலை நீதிமன்றம் ரத்து செய்தது, அப்புறம் வார்டு வரையறை, வழக்கு, மாவட்டப் பிரிப்பு என்று தள்ளிக்கொண்டே போய், நம் மூன்று மாவட்ட ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரிலும், வேலூர் மாநகராட்சியின் 60 வார்டுகளுக்கு 2022 பிப்ரவரி 19-லும்தான் ஓட்டுப்பதிவு நடந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லாமல் தனி அலுவலர்களை வைத்து ஊர் ஓடியது. அந்தக் காலத்தில் இரண்டு பெரிய கட்சிகளும் இங்கே ஆட்சியில் இருந்திருக்கின்றன, ஒருவரை மட்டும் குற்றம் சொல்ல நான் தயாராக இல்லை. என்னை உறுத்துவது வேறு. ஐந்து வருடம் எம்.எல்.ஏ. இல்லாமல் இருந்திருந்தால் ஊர் பற்றி எரிந்திருக்கும். கவுன்சிலர் இல்லாததற்கு ஒரு கடைகூட அடைக்கவில்லை.

அதே காலத்தில்தான் 2019 ஏப்ரலில், ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பணப் பட்டுவாடா காரணமாக வேலூர் நாடாளுமன்றத் தொகுதித் தேர்தல் ரத்தானது. நாட்டில் நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுக்கு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. ஆகஸ்ட் 5-ல் திரும்ப நடந்து, 8,141 ஓட்டு வித்தியாசத்தில் முடிவானது. காசு வாங்குகிற ஜனத்தைத் திட்டுவது சுலபம். ஆனால் எங்கள் தெருவில் பூ கட்டும் அம்மா என்னிடம் கேட்டார்: “ஓட்டுக்கு முன்னாடிதான் சார் வூட்டுக்கு வராங்க, அப்ப கெடைக்கிறதுதான் நமக்கு, அப்பால யார நாங்க தேடிக்கினு போறது?” அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் கீழே வந்து உட்காரும் ஆள் ஒருவர் இருந்திருந்தால் பதில் இருந்திருக்கும்.

வழியே இல்லை என்று சொல்லவில்லை. ஊராட்சிகளில் வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை. நகரங்களுக்கு 2022-ல் வார்டு குழு, பகுதி சபை என்று விதி வந்துவிட்டது. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று எங்கள் பகுதி சபைக்குப் போனேன். பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம். வந்தவர்கள் பதினொரு பேர், அதில் நான்கு பேர் நோட்டுப் புத்தகத்தோடு வந்த மகளிர் குழுப் பெண்கள். அவர்கள்தான் நன்றாகப் பேசினார்கள். எங்கள் தெரு மழைநீர்க் கால்வாயில் வீட்டுச் சாக்கடை சேர்வதை நான் சொன்னேன், எத்தனை வீடு, எந்த இடம் என்று எழுதியே கொண்டு போயிருந்தேன். தீர்மானத்தில் ஏறியது. மூன்று மாதத்தில் வந்து தூர் வாரினார்கள். அந்தக் கால்வாய் கடைசியில் போய்ச் சேருவது பாலாற்றில். அடுத்த கூட்டத்துக்குத் தெருவில் இருந்து இன்னும் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

இனி நீங்கள் சிங்கப்பூரில் பார்க்கவேண்டியது. காவனா பாலத்தில் போய் நில்லுங்கள், பக்கத்தில் ஆற்றில் குதிக்கிற பையன்களின் சிலை இருக்கும், கீழே தண்ணீரைப் பாருங்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் மக்கள் சந்திப்பு என்றைக்கு என்று கேட்டு அந்தச் சாயங்காலம் கீழே இறங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா பக்கம் கட்டாயம் போங்கள். அந்த நாட்டின் கட்டடங்களைக் கட்டுகிற நம் பையன்கள் அன்றைக்குத்தான் வெளியே வருவார்கள், மற்ற நாட்களில் லாரியின் பின்னால் உட்கார வைத்து வேலைக்குக் கூட்டிப்போவார்கள். அந்தச் சுத்தத்துக்குப் பின்னால் அவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு அங்கே ஓட்டு கிடையாது, மக்கள் சந்திப்பு நாற்காலியும் அவர்களுக்காகப் போட்டது இல்லை.

போன தடவை அங்கே குடியாத்தம் பக்கத்துப் பையன் ஒருவனைப் பார்த்தேன். வேலூர் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஏஜெண்டுக்குக் கட்டிய பணம், அம்மா உடம்பு எல்லாம் சொல்வான் என்று நினைத்தேன். அவன் முதலில் கேட்டது, “இன்னா சார், ஆத்துல தண்ணி வந்துச்சா?” 2021 நவம்பரில் பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியபோது ஊரே விருதம்பட்டு பாலத்தில் நின்று பார்த்ததே, அப்போது அவன் சிங்கப்பூரில் இருந்தானாம், வீடியோவில்தான் பார்த்தானாம். நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தப் பாலத்தில் நின்று, தண்ணீர் இருந்தாலும் வெறும் மணலாக இருந்தாலும், நாலு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தேக்காவில் கேட்பார்கள், காட்டலாம்.